மொட்டைமாடி சோலார்: மானியத்தைப் பார்க்கும் முன் பில்லைப் பாருங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து வள்ளியூர் வரை பஸ்ஸில் போனால் வீட்டு மாடிகளில் சோலார் தகடு கண்ணில் படாமல் இருக்காது. அது பெருகப் பெருக அதைப் பற்றிய பேச்சும் பெருகியிருக்கிறது. பேச்சில் பாதி தப்பு. "கவர்மென்ட்டே சும்மா போட்டுத் தாரானாம்" என்கிறார் ஒருவர். "வருமான வரியில கழிச்சுக்கிடலாம்லா" என்கிறார் பக்கத்தில் இருப்பவர். அமெரிக்காவில் இருக்கும் மருமகன் போனில் "முப்பது பர்சென்ட் திரும்பக் கிடைக்கும் மாமா" என்று சொல்லியிருப்பார். சோலார் விற்க வருபவர் எல்லாவற்றுக்கும் "ஆமா அண்ணாச்சி" என்று தலையாட்டிவிட்டு கொட்டேஷனை நீட்டுவார்.

இதில் பணம் எங்கே போகிறது, எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம். பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும். பழைய கரண்ட் பில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

பசு வாங்கிய வீடு

தினமும் காசு கொடுத்துப் பால் வாங்கும் ஒரு வீட்டில் சொந்தமாக ஒரு பசு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். பசு அதன் நேரத்துக்குத்தான் கறக்கும். காலையில் எட்டு லிட்டர் கிடைக்கிறது. வீட்டுக்கு அந்நேரம் வேண்டியது இரண்டு லிட்டர்தான். மிச்சத்தை பால் சொசைட்டியில் ஊற்றுகிறார்கள், அட்டையில் எழுதிக்கொள்கிறார்கள். ராத்திரி விருந்தாளி வந்துவிட்டால் அதே சொசைட்டியில் பால் வாங்குகிறார்கள், அதுவும் அட்டையில் ஏறுகிறது. இரண்டு மாதம் கழித்து அட்டையைப் பார்த்து, வாங்கிய லிட்டரிலிருந்து ஊற்றிய லிட்டரைக் கழித்து, மீதிக்கு மட்டும் காசு கட்டுகிறார்கள்.

மாடியில் இருக்கும் பேனல்தான் அந்தப் பசு. சொசைட்டி நம் மின்வாரியம், அதாவது ஈபி. அட்டையின் வேலையை மீட்டர் செய்கிறது. வாங்கியதையும் கொடுத்ததையும் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளும் இந்த முறைக்குப் பெயர் நெட் மீட்டரிங்.

இன்னும் இரண்டு சொற்களையும் இங்கேயே தெரிந்துகொள்ளலாம். பசு எவ்வளவு கறக்கக்கூடியது என்பதுபோல, பேனலின் திறனைச் சொல்வது கிலோவாட். கறந்த பால் எத்தனை லிட்டர் என்பதுபோல, கிடைத்த மின்சாரத்தைச் சொல்வது யூனிட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். "நான் மூணு கிலோவாட் போட்டிருக்கேன்" என்பதும் "எனக்கு முந்நூறு யூனிட் வருது" என்பதும் வேறு வேறு சங்கதி. டீக்கடைப் பேச்சில் இரண்டும் கலந்துவிடும், குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடும்.

நெட் மீட்டர் மாட்டிய வீட்டில் மீட்டர் பெட்டி முன்னால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். திரையில் தேதி ஓடும், நேரம் ஓடும், அப்புறம் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். ஒன்று இம்போர்ட், ஈபியிடம் வாங்கியது. மற்றது எக்ஸ்போர்ட், ஈபிக்குக் கொடுத்தது. மத்தியானம் வீட்டில் ஆளில்லாதபோது எக்ஸ்போர்ட் ஏறும். ராத்திரி ஏசி போட்டால் இம்போர்ட் ஏறும். பகலில் பேனல் தந்து அப்போதே வீட்டு ஃபிரிட்ஜும் மிக்சியும் தின்றுவிட்ட மின்சாரம் இந்த மீட்டரில் வரவே வராது. அதையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு விளைந்தது என்பதை, பேனலோடு சேர்த்து மாட்டும் இன்வெர்ட்டர் பெட்டியின் திரையிலோ செயலியிலோதான் பார்க்க முடியும். "மீட்டர்ல கம்மியாக் காட்டுது, பேனல் சரியில்ல" என்று புகார் சொல்பவர்களில் பலர் எக்ஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

இதைத் தெரியாமல் போட்டுவிட்டு அப்புறம் விற்றவரோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மானியத்தோடு வீடுகளில் போடப்படும் சாதாரண அமைப்பில் பேட்டரி கிடையாது. பேனலில் வருவது நேர்மின்சாரம். அதை வீட்டுக்குத் தகுந்த மாறுமின்சாரமாக மாற்றும் பெட்டிக்குப் பெயர் இன்வெர்ட்டர். ஏற்கெனவே வீட்டில் பேட்டரியோடு உட்கார்ந்திருக்கும் யூபிஎஸ்ஸையும் நாம் இன்வெர்ட்டர் என்றுதான் சொல்கிறோம். பெயர்தான் ஒன்று, சோலார் இன்வெர்ட்டரின் வேலை வேறு. அது ஈபி லைனில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும்.

காரணம் நியாயமானது. லைனை அணைத்துவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் போனால் அவர் உயிருக்கு ஆபத்து. அதனால் இந்த நிறுத்தம் கட்டாயம்.

மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் பேட்டரி சேர்ந்த ஹைபிரிட் அமைப்பு வேண்டும். செலவு கூடும், பேட்டரிக்கு மானியம் கிடையாது, சில வருடங்களில் பேட்டரியை மாற்றவும் வேண்டும். ஈபி லைனோடு சேராமல் தனியாக ஓடும் அமைப்புக்கு மானியமே இல்லை. மின்தடைக்காக மட்டும் யோசிக்கிறவர்களுக்கு என் யோசனை, இருக்கிற யூபிஎஸ்ஸை நல்லபடியாக வைத்துக்கொள்ளுங்கள். சோலார் பில்லைக் குறைக்க வந்தது.

நம்ம ஊர் வெயிலுக்கு எவ்வளவு வரும்?

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல், வருட சராசரியில் நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 3 கிலோவாட் என்றால் 12 யூனிட். நமக்கு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் 60 நாளுக்குப் பெருக்கினால் 720. தூசி, மழை, மேகம் எல்லாம் சேர்த்து 700 என்று வைத்துக்கொண்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

கத்திரி வெயிலில் அள்ளித் தரும் என்பது பலருடைய நம்பிக்கை. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனலின் முகம் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்த வகையில் பணகுடி, ராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம்: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பேனலையும் ஆற்றிவிடும். ஆனால் அதே காற்று ஆனி, ஆடியில் வீசுகிற வீச்சுக்கு, பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் உறுதியாக இருக்க வேண்டும். காற்றாலைகள் நிற்கிற ஊரில் லேசான சட்டம் போட்டு இரண்டாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது புத்திசாலித்தனம் ஆகாது. திசையன்விளைப் பக்கத்தில் தேரி மண் காற்றோடு வந்து படியும்; அங்கே துடைக்கும் வேலை கூடுதல். உவரி, இடிந்தகரை மாதிரி கடலோரம் என்றால் உப்புக் காற்றில் துருப்பிடிக்காத சட்டமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8.7 டிகிரியில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் சமயத்திலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அதனால் பேனலைத் தெற்குப் பார்த்து, பத்து டிகிரி அளவுக்கு லேசாகச் சாய்த்தால் போதும். வடநாட்டு வீடியோவைப் பார்த்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழலும் நம் மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலும் விழாத இடமாகப் பாருங்கள். ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அதோடு வரிசையாக இணைந்த மற்றவற்றின் விளைச்சலும் குறையலாம்.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் வைத்துக்கொள்வோம்: 3 கிலோவாட் அமைப்பு ஒரு பில் காலத்தில் ஏறத்தாழ 700 யூனிட் தரும், அது நம் கணக்கில் யூனிட்டாகக் கழியும், மின்தடையில் உதவாது.

பில்லில் இருக்கும் படிகள்

சோலார் லாபமா நட்டமா என்று கேட்பவர்கள் பேனல் விலையையும் மானியத்தையும் மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, "ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது?" ஏனென்றால் தமிழ்நாட்டில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. படிக்கட்டு மாதிரி மேலே போகப் போக விலை ஏறும்.

2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் சில காசுகள் கூடியிருக்கின்றன என்றாலும் முழு எண்களாக இருப்பதால் கணக்குப் போட எளிது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 500-ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.50. அப்புறம் 501 முதல் 600 வரை 8 ரூபாய், 800 வரை 9, ஆயிரம் வரை 10, அதற்கு மேல் 11.

இப்போது 3 கிலோவாட் பேனலை, அதே 700 யூனிட் விளைச்சலோடு, மூன்று வீடுகளில் வைத்துப் பார்ப்போம்.

முதல் வீட்டில் 400 யூனிட் ஓடுகிறது. பில் 1,125 ரூபாய். சோலார் போட்டால் பில் இல்லை. மிச்சம் 1,125, விளைந்ததில் 300 யூனிட் தேவைக்கு மேல் போய்விட்டது.

இரண்டாவது வீட்டில் 800 யூனிட். பில் 4,550. சோலார் 700-ஐக் கழித்துவிட்டால் மீதி 100, அதுவும் இலவசம். மிச்சம் 4,550.

மூன்றாவது வீடு கொஞ்சம் பெரியது, இரண்டு ஏசி, மாடியில் மகன் குடும்பம், 1,200 யூனிட் ஓடுகிறது. பில் 8,750. சோலாருக்கு அப்புறம் மீதி 500 யூனிட், பில் 1,725. மிச்சம் 7,025.

பேனல் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். ஒரு வீட்டுக்கு அது தருவதைப்போல ஆறு மடங்கு இன்னொரு வீட்டுக்குத் தருகிறது. சோலார் யூனிட் கழியும்போது மேல்படியிலிருந்து, அதாவது 11 ரூபாய், 10 ரூபாய் யூனிட்டிலிருந்து கழிந்துகொண்டு வருவதுதான் காரணம். சோலார் போட்டவர்களில் ஒருவர் ஆகா என்பதும் இன்னொருவர் ஏமாந்தேன் என்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இதே கணக்கில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 800 யூனிட் வீட்டில் 3 கிலோவாட்டுக்குப் பதில் 2 கிலோவாட் போட்டால் விளைச்சல் 480 யூனிட், மீதி 320. பில் 765 ரூபாய், மிச்சம் 3,785. அதாவது மூன்றாவது கிலோவாட் கூடுதலாகத் தருவது ஒரு பில்லுக்கு 765 ரூபாய் மட்டும். அதை வாங்கலாமா என்பது அதற்கு ஆகும் கூடுதல் செலவைப் பொறுத்தது, கீழே வருகிறேன். "பெருசாப் போட்டுருங்க அண்ணாச்சி, பின்னால உதவும்" என்பது விற்பவரின் கணக்கு. அடுத்த வருடம் ஏசி வாங்கப் போகிறீர்கள், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு.

மிஞ்சும் யூனிட்டை ஈபிக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சையும் இந்த இடத்தில் விட்டுவிடலாம். ஒரு பில்லில் மிஞ்சியது அடுத்த பில்லுக்குப் போகும். மழைக் காலத்தில் விளைச்சல் குறையும்போது அது கைகொடுக்கும். அதற்கு மேல் அதை ஒரு வருமானமாக நம்பிப் பணம் போடக் கூடாது. சோலாரின் லாபம், கட்டாமல் தப்பித்த பில்தான்.

மானியம்: யாருக்கு, எவ்வளவு, எப்போது

மானியம் என்பது செலவில் ஒரு பகுதியை அரசு நம் கையில் திருப்பித் தருவது. வரி கட்டுகிறவரா இல்லையா என்று அது பார்க்காது. வரிச்சலுகை என்பது கட்ட வேண்டிய வரியில் குறைப்பது. வரியே இல்லாதவருக்கு அதனால் பலன் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டு சோலாருக்கு இப்போது இருப்பது மானியம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் சூர்ய கர் திட்டம். ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதம், மூன்றாவதற்கு 18,000. ஆக 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கு 78,000. அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான்.

திட்டத்தின் பெயரிலேயே "முஃப்த் பிஜிலி", இலவச மின்சாரம், என்று இருக்கிறது. மாதம் 300 யூனிட் இலவசம் என்று விளம்பரமும் வந்தது. மாநில அரசு தரும் 100 யூனிட் மாதிரி இதுவும் பில்லில் தானாகக் கழியும் என்று நினைத்துக்கொண்டு ஈபி ஆபீஸ் வாசலில் போய்க் கேட்டவர்கள் உண்டு. அந்த 300 யூனிட்டை விளைவிக்கப்போவது நீங்கள் காசு போட்டு வாங்கும் பேனல்தான். 3 கிலோவாட் மாதத்துக்கு 350 யூனிட் அளவுக்குத் தரும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, விளம்பரத்தின் எண் அங்கிருந்து வந்தது.

"60 சதவீத மானியம்" என்று சிலர் சொல்வதற்கும் ஒரு அடிப்படை இருக்கிறது. அரசு தானே ஒரு விலையை நிர்ணயித்துக்கொண்டது: முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட் 50,000, மூன்றாவதற்கு 45,000. முதல் விலையில் 60 சதவீதம் 30,000. இரண்டாவதில் 40 சதவீதம் 18,000. கடைக்காரர் சொல்லும் விலைக்கும் இந்தச் சதவீதத்துக்கும் சம்பந்தமில்லை. 3 கிலோவாட் அமைப்பு சந்தையில் ஏறத்தாழ 1.8 முதல் 2.2 லட்சம் வரை சொல்லப்படுகிறது. 2 லட்சம் என்று வைத்தால் 78,000 என்பது 39 சதவீதம்தான்.

முழுப் பணத்தையும் முதலில் நீங்கள்தான் புரட்ட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பேனல் மாட்டி, ஈபி வந்து பார்த்து, நெட் மீட்டர் பொருத்தி, திட்டத்தின் இணையதளமான போர்ட்டலில் பதிவெல்லாம் முடிந்த பிறகே மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். திட்டத்தின் போர்ட்டலில் பதிவு செய்த நிறுவனமாக இருந்தால்தான் வரும். கையில் பணம் இல்லாதவர்களுக்கு 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல், ரெப்போ வட்டியோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) அரை சதவீதம் சேர்த்த வட்டியில், 2 லட்சம் வரை வங்கிக் கடன் உண்டு.

இன்னொரு நிபந்தனை, பேனலும் அதற்குள் இருக்கும் 'செல்' என்கிற மின்கலமும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். இதை டிசிஆர் பேனல் என்பார்கள். நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை: கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் டிபி சோலார் ஆலை, ஆண்டுக்கு 4.3 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது பத்து லட்சம் கிலோவாட்) அளவுக்கு மின்கலமும் பேனலும் செய்யும் திறனோடு இயங்குகிறது. 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்துவைத்தார். டிசிஆர் பேனல் இறக்குமதிப் பேனலைவிட விலை கூடுதல். அதனால் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது ஒன்று மட்டும் முப்பதாயிரம் குறைவாக இருந்தால், அதில் டிசிஆர் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மலிவான பேனலின் விலையைப் போட்டு, அதிலிருந்து டிசிஆருக்கு மட்டுமே கிடைக்கும் மானியத்தையும் கழித்துக் காட்டினால், கடைசி எண் அழகாகத்தான் இருக்கும்.

வரிச்சலுகை என்று சொல்லப்படுவது

சம்பளக்காரர் தன் வீட்டு மாடியில் சோலார் போட்டால் இந்தியாவில் வருமான வரியில் அதற்கென்று எந்தக் கழிவும் கிடையாது. பழைய வரிமுறையிலும் இல்லை, புதியதிலும் இல்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது பில்லை நீட்டினால் ஆடிட்டர் சிரிப்பார்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? ஒன்று, மருமகன் சொன்ன அமெரிக்கக் கதை. அங்கே வீட்டு சோலார் செலவில் 30 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யும் செலவுக்கு அதுவும் இல்லை. ஆனால் அதைப் பற்றிய வீடியோக்கள் இன்னும் யூட்யூபில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

மற்றது உள்ளூர்க் கதை, அது தொழில் செய்பவர்களுடையது. தொழிலுக்கு வாங்கிய இயந்திரம் வருடா வருடம் மதிப்பிழப்பதைச் செலவாகக் காட்டலாம். அதற்குத் தேய்மானம் என்று பெயர். சோலாருக்கு இந்தத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். 2017 மார்ச் வரை 80 சதவீதமாக இருந்தது. டவுனில் ஓர் அரிசி ஆலைக்காரர் 5 லட்சத்துக்கு சோலார் போட்டால் முதல் வருடம் 2 லட்சத்தைச் செலவாகக் காட்டலாம். அவர் 30 சதவீத வரி கட்டுபவர் என்றால் 60,000 ரூபாய் வரி அந்த வருடம் குறையும். (வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டால் இதில் பாதி.) அவருக்கு இது நிஜமான சலுகைதான். ஆனால் ஆலைக்கு சூர்ய கர் மானியம் கிடையாது, வீட்டுக்குத் தேய்மானம் கிடையாது. ஆலைக்காரர் சொன்னதைக் கேட்டு, சம்பளம் வாங்கும் வாத்தியார் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது.

வீட்டுக்காரருக்கு வரி வழியாக உண்மையிலேயே கிடைத்த ஒன்று ஜிஎஸ்டி குறைப்பு. சோலார் கருவிகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். ஆனால் கொட்டேஷனில் 5 என்று இருக்காது, 8.9 என்று இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பொருளும் மாட்டும் வேலையும் சேர்ந்த ஒப்பந்தம் என்பதால் விலையில் 70 சதவீதத்தைப் பொருளாகவும் 30 சதவீதத்தைச் சேவையாகவும் எடுத்துக்கொள்வது விதி. பொருளுக்கு 5, சேவைக்கு 18, கலந்தால் 8.9. முன்பு இது 13.8 ஆக இருந்தது. வரிக்கு முந்தைய விலை 1,80,000 என்றால் அப்போது வரி 24,840, இப்போது 16,020. பழைய விகிதத்தில் அச்சடித்த கொட்டேஷன் இன்னும் யாராவது வைத்திருந்தால் அந்த 8,820 ரூபாய் உங்கள் பாக்கெட்டிலிருந்துதான் போகும்.

சுருக்கமாக, வீட்டுக்கு மானியம் உண்டு, ஜிஎஸ்டி குறைந்திருக்கிறது, வருமான வரியில் எதுவும் இல்லை. கரண்ட் பில்லில் மிச்சமாகும் தொகை வருமானம் இல்லை என்பதால் அதற்கு வரியும் இல்லை.

எத்தனை வருடத்தில் போட்ட காசு வரும்?

இப்போது இரண்டு கணக்கையும் சேர்க்கலாம். 3 கிலோவாட் 2 லட்சம்; மானியம் போக 1,22,000. 800 யூனிட் வீட்டுக்கு வருடத்தில் மிச்சம் 27,300. நாலரை வருடத்தில் போட்டது வந்துவிடும். 1,200 யூனிட் வீட்டுக்கு வருடத்துக்கு 42,150. மூன்று வருடம்கூட ஆகாது. கடன் வாங்கினாலும் பரவாயில்லை என்று நான் சொல்லும் வீடுகள் இவை. 1,20,000 ரூபாயை 6 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 2,320. 800 யூனிட் வீட்டில் மாதம் மிச்சமாவது 2,275. ஏறக்குறைய பில் கட்டிய காசிலேயே தவணை ஓடிவிடுகிறது.

அதே 800 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் 1,45,000 என்று வைத்தால் மானியம் போக 85,000. வருட மிச்சம் 22,710. நாலு வருடத்துக்குள் வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மட்டும் தனியாகப் பார்த்தால் 37,000 கூடுதல் செலவு, வருடம் 4,590 மிச்சம், எட்டு வருடம். தப்பில்லை, ஆனால் அவசரமும் இல்லை.

400 யூனிட் வீட்டுக்கு 1 கிலோவாட் போதும். 75,000 செலவு, மானியம் போக 45,000. மிச்சம் வருடத்துக்கு 5,940, ஏழரை வருடம். 200 யூனிட்டுக்குள் ஓட்டும் வீட்டில் மொத்த பில்லே வருடத்துக்கு 1,350 ரூபாய்தான். அதை முழுவதும் மிச்சம் பிடித்தாலும் 45,000 திரும்பி வர 33 வருடம் ஆகும். பேனலுக்கு உத்தரவாதம் 25 வருடம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் பெரியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு யாராவது வந்து சோலார் விற்றால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கொட்டேஷனில் வராத செலவுகள்

3 கிலோவாட்டுக்கு 550 வாட் பேனல் ஆறு, ஏறத்தாழ 300 சதுர அடி இடம். வத்தல் காயப்போடவும் துணி உலர்த்தவும் மாடி வேண்டும் என்றால் சட்டத்தை ஆள் உயரத்துக்கு மேல் எழுப்ப வேண்டும். அதற்குத் தனிக் காசு. தட்டோடு பதித்த மாடியில் துளை போட்டால் மழைக்காலத்தில் ஒழுகும், துளையில்லாமல் கான்கிரீட் கட்டை மேல் நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். ஓட்டு வீடு என்றால் முதலில் மரம் எடையைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பேனலைப்போல 25 வருடம் உழைக்காது. பத்து வருடத்துக்குப் பக்கத்தில் ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை மாட்டும் இடமும் முக்கியம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி பெருகி சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றோரம், வாய்க்காலோரம் வீடு என்றால் இன்வெர்ட்டரைத் தரைத்தளத்தில் மாட்டவே கூடாது. மாடிப்படி அறையில், நிழலில், காற்று வரும் இடத்தில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் சோலார் இணைப்புகளுக்கு, ஈபியின் லைனைப் பயன்படுத்துவதற்கு, நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. உங்கள் இணைப்புக்கு அது எவ்வளவு, மீட்டருக்கும் பதிவுக்கும் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ஈபி பிரிவு அலுவலகத்தில் கேட்டு, மேலே போட்ட மிச்சக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்தத் திட்டத்தில் மாட்டிய நிறுவனமே ஐந்து வருடம் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பேனலைத் துடைப்பது மட்டும் நம் வேலை. விடியற்காலையில், பேனல் சூடேறும் முன், வெறும் தண்ணீர் போதும்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை

2024-ல் திருத்திய மின்நுகர்வோர் விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும். ஆக அந்தப் பக்கம் தடை குறைவு. நம் பக்கத்தில்தான் ஒரு முட்டுக்கட்டை அடிக்கடி வரும். ஊரில் பல வீடுகளில் மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். தாத்தா போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருக்கும். மானியம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் வரும். பேனலை மாட்டிவிட்டு அப்புறம் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தால் அந்த 78,000 அதுவரை அந்தரத்தில் நிற்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்து, புதிய பெயரில் ஒரு பில் கையில் வந்த பிறகு, அதில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போர்ட்டலில் பதிவு செய்யுங்கள்.